கரியில் வைக்கும் முன் கோழியை வேகவைக்கலாமா?

முழுக்கால் ஒன்றைக் கரியில் சுடுங்கள். மேலே சிவந்து, ஓரங்கள் கறுத்து, தெரு வரைக்கும் மணக்கும்போது எடுத்துத் தட்டில் வைத்து, தொடையும் காலும் சேரும் மூட்டைப் பிரித்துப் பாருங்கள். பல வீடுகளில் அந்த இடத்தில்தான் குட்டு வெளிப்படும். சதை எலும்பை விட்டு வராமல் சவ்வாக இழுக்கும், உள்ளே பச்சை ஈரம் மினுங்கும். திரும்பக் கரியில் போட்டால், மூட்டு வேகும் முன்பே வெளிப்பக்கம் கருகிக் கசந்துவிடும். பிள்ளைகள் பசியோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர், "நல்லா வெந்திருக்கு, சாப்பிடுங்க" என்று சொல்லிவிடுவார். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வாக்கியம்தான்.

கோழியை முதலில் கொஞ்சம் வேகவைத்துவிட்டு அப்புறம் சுடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். என் பதில் இது. முழுக்காலுக்கும் நாட்டுக்கோழிக்கும் தாராளமாகச் செய்யலாம், செய்வதுதான் நல்லது. எலும்பில்லாத டிக்கா துண்டுக்கும் நெஞ்சுக்கறிக்கும் வேண்டவே வேண்டாம். செய்வதானால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: சட்டியிலிருந்து எடுத்த கோழி நேராகக் கரிக்குத்தான் போக வேண்டும். காலையில் பாதி வேகவைத்து, மாலையில் சுடுவது என்ற பேச்சே கூடாது.

ஏன் கால் மட்டும் இப்படிப் படுத்துகிறது? கரி நன்றாகக் கனன்று நிற்கும்போது கம்பி வலைக்கு மேலே 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருக்கும். அந்தச் சூடு சதையின் மேல்பரப்பைச் சில நிமிடத்தில் சிவக்க வைத்துவிடும். உள்ளே போவதுதான் மெதுவாக நடக்கும். கறியின் கனம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடேற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். 2 சென்டிமீட்டர் கனமுள்ள டிக்கா துண்டு சிவக்கும் நேரத்தில் உள்ளும் வெந்துவிடுகிறது. தொடையோ 4 சென்டிமீட்டர் கனம், நடுவில் எலும்பு, போதாததற்கு ஒரு மூட்டு. வெளியே சிவக்கிற வேகத்துக்கும் உள்ளே வேகிற வேகத்துக்கும் ஒட்டே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கோழி சாப்பிடப் பாதுகாப்பானது என்று சொல்ல உள்ளே 74 டிகிரி எட்டினால் போதும். நெஞ்சுக்கறிக்கு அது போதும், அதைத் தாண்டினால் வறண்டு நார்நாராகிவிடும். ஆனால் கால் 74 டிகிரியில் ருசிப்பதில்லை. ஓடியாடி உழைத்த சதை அது, நடுவில் வெள்ளையாகச் சவ்வும் நரம்பும் ஓடும். அந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து பிசுபிசுப்பான சாறாக மாற வேண்டும். அதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். காலை 80, 85 டிகிரி வரைக்கும் கொண்டுபோய் அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தினால்தான் எலும்பைப் பிடித்து இழுத்ததும் சதை கழன்று வரும். கரியில் அந்த நேரம் கிடைப்பதில்லை. சட்டியில் கிடைக்கிறது.

அதோடு நம் ஊரில் கோழிக்கடைக்குப் போனால் முதல் கேள்வியே, "தோலோடயா, உரிச்சா?" என்பதுதான். பெரும்பாலும் உரித்துத்தான் வாங்குகிறோம். சுடுவதற்குத் தோல் ஒரு கவசம். அது இல்லாத கால் கரிமேல் 40 நிமிடம் கிடந்தால் மேல்சதை காய்ந்து செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். வெளிநாட்டுச் சமையல் காணொளிகளில் தோலோடு உள்ள காலை அப்படியே பச்சையாகப் போட்டு அழகாகச் சுட்டு எடுக்கிறார்களே என்று பார்த்துவிட்டு, உரித்த காலில் அதையே முயன்றால் வராது. சுடுவதற்கென்றே வாங்கும்போது, "அண்ணே, தோலோட குடுங்க, காலை வெட்டாம முழுசாக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சரி, வேகவைத்தால் ருசியெல்லாம் தண்ணீரில் போய்விடாதா? இதுதான் முக்கியமான மறுப்பு, நியாயமான மறுப்பும்கூட. வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கோழியைப் போட்டு, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் ருசி போகத்தான் செய்யும். அப்படி வேகவைத்து மேலே ஒரு சாஸைத் தடவிச் சுட்டுத் தரும் கோழியை நானும் சாப்பிட்டிருக்கிறேன். வாயில் வைத்தால் சாஸ் தனியாக, சக்கைக் கறி தனியாக. தவறு வேகவைத்ததில் இல்லை, வேகவைத்த தண்ணீரைக் கொட்டியதில் இருக்கிறது.

இதை அழகாகத் தீர்த்து வைத்தவர்கள் ஜாவாக்காரர்கள். இந்தோனேசியாவில் ஆயாம் பாக்கார் என்று சுட்ட கோழி சாலையோரக் கடைகளிலெல்லாம் கிடைக்கும். அந்தக் கோழி பெரும்பாலும் பச்சையாகக் கரிக்குப் போவதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, மஞ்சள், பேரரத்தை, எலுமிச்சம்புல், சலாம் என்ற மண இலை எல்லாம் சேர்த்து அரைத்த மசாலாவோடு கோழியைச் சட்டியில் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீரோ தேங்காய்ப் பாலோ விட்டு மூடி, சிறுதீயில் நீர் வற்றும் வரை வேகவைப்பார்கள். அதை உங்கெப் என்பார்கள். யோக்யகர்த்தா பக்கத்தில் கலாசான் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் கோழி வறுவலில் இளநீர் விட்டு வேகவைக்கும் வழக்கமும் உண்டு. மசாலா ஏறி நிற்கும் கோழியை எண்ணெயில் பொரித்தால் ஒரு பண்டம், கெச்சாப் மானிஸ் என்ற இனிப்பு சோயா சாஸைத் தடவிக் கரியில் வாட்டினால் இன்னொரு பண்டம். சட்டியில் தண்ணீர் மிஞ்சுவதே இல்லை. கோழியிலிருந்து வெளியே வந்த சாறு முழுவதும் வற்றி, கெட்டியாகி, திரும்பக் கோழியின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஊர்க்கோழிக்குச் சதை கெட்டி, பச்சையாகச் சுட்டால் கடிக்கவே முடியாது. அந்தத் தேவையிலிருந்து இப்படி ஒரு ருசியைக் கண்டெடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நான் செய்வதும் அந்த வழிதான், மசாலா மட்டும் நம்முடையது. முதலில் செய்ய வேண்டியது கரியைப் பற்றவைப்பது. கோழியை அடுப்பில் வைத்துவிட்டு அப்புறம் கரியைப் பார்ப்போம் என்று இருந்தால், கோழி வெந்து காத்துக் கிடக்கும், கரி புகைந்துகொண்டிருக்கும். கரி பற்றி, கறுப்பு நிறம் மறைந்து, சாம்பல் பூத்து வர 25, 30 நிமிடம் ஆகும். கோழி சட்டியில் இருக்க வேண்டிய நேரத்தோடு அதைப் பொருத்திக்கொண்டால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும்.

அடி அகலமான சட்டியில் முழுக்கால்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்குகிறேன். ஒவ்வொரு காலிலும் எலும்பு வரைக்கும் இரண்டு மூன்று ஆழமான கீறல். அரைத்த சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள், மல்லித்தூள், மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள், உப்பு. நான்கு கால்களுக்கு இரண்டாம் தேங்காய்ப் பால் ஒரு டம்ளர். தயிர் இந்தக் கட்டத்தில் வேண்டாம், திரிந்துவிடும். மூடி போட்டுச் சிறுதீயில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் சதை இறுகிச் சுருங்கும். ஓரத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சரியான சூடு. பிராய்லர் கால் என்றால் ஒரு பக்கம் 8 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு 8 நிமிடம். முனையில் பாருங்கள், குச்சிக்காலின் அடியில் சதை எலும்பை விட்டு ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருக்கும். கீறல்கள் வாய் திறந்து, உள்ளே சதை வெளுத்துத் தெரியும். அப்போது எடுத்துவிட வேண்டும். இன்னும் 5 நிமிடம் விட்டால் கம்பி வலையில் திருப்பும்போது சதை உதிர்ந்து கரியில் விழும்.

எடுத்ததும் ஒரு கம்பித் தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆவி அடங்கும் வரை மட்டும் வைக்கிறேன், இரண்டு மூன்று நிமிடம். இது ஆறவைப்பதற்காக இல்லை, மேல் ஈரம் போவதற்காக. சுட்ட கறியின் அந்த நிறமும் மணமும் மேல்பரப்பு 140 டிகிரியைத் தாண்டினால்தான் கிடைக்கும். ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியை விட்டு நகராது. வேகவைத்த கோழியைச் சொட்டச் சொட்டக் கரியில் போடுபவர்களுக்கு வெளுத்த கோழிதான் கிடைக்கும்.

அந்த இடைவெளியில் சட்டியில் உள்ள சாற்றைப் பெருந்தீயில் வைத்துக் கெட்டியாக வற்ற வைத்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் கோழிமேல் தடவிவிட வேண்டும். இனிப்பு பிடிக்குமென்றால், கருப்பட்டியும் புளியும் கரைத்துக் கொஞ்சம் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் தடவ வேண்டும், முன்னாலேயே தடவினால் கருகும். கரியில் மொத்தம் 8 முதல் 10 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு தரம் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும்.

மசாலாச் சட்டிக்கு நேரமில்லை என்றால் இட்லிப் பானை இருக்கிறது. உப்பும் மசாலாவும் தடவிய காலை ஒரு தட்டில் வைத்து ஆவியில் 15 நிமிடம் வேகவையுங்கள். சாறு தட்டிலேயே தேங்கி நிற்கும், அதை வற்றவைத்துத் தடவலாம். மைக்ரோவேவில் செய்பவர்களும் உண்டு. வேலை சுலபம், ஆனால் ஓரம் வெந்து நடு பச்சையாக இருக்கும், சீராக வேகாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், கறியை மைக்ரோவேவில் முன்கூட்டிச் சூடாக்கிவிட்டுச் சுட்டால் பெருஞ்சூட்டில் உண்டாகும் தீய சேர்மங்கள் கணிசமாகக் குறையும் என்று சொல்கிறது. அது மைக்ரோவேவின் மகிமை இல்லை. கறி நெருப்பின் மேல் கிடக்கும் நேரம் குறைகிறது, அவ்வளவுதான். சட்டியில் வேகவைத்தாலும் அதே நேரம்தான் மிச்சம். கொழுப்பும் கொஞ்சம் சட்டியிலேயே உருகி இறங்கிவிடுவதால், கரியில் சொட்டித் தீ எழும்புவதும் குறையும்.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பாதி வெந்த கோழி என்பது பச்சைக் கோழியைவிட ஆபத்தானதாக மாறக்கூடியது. கேட்க விசித்திரமாக இருக்கும். பச்சைக் கோழியை ஃபிரிட்ஜில் வைக்கும்போது அது சில்லென்று இருக்கிறது. கிருமி இருந்தாலும் மெதுவாகத்தான் பெருகும். பாதி வேகவைக்கும்போது நடுப்பகுதி 40, 50 டிகிரிக்குச் சூடாகிறது. அங்கே சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் சாகவில்லை, இதமான சூடுதான் கிடைத்திருக்கிறது. அந்தக் கோழியை அடுப்பு மேடையில் மூடி வைத்தால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உள்ள இடம்தான் கிருமிகள் பெருகும் இடம். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும், அப்புறம் 43 முதல் 47 டிகிரியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும் அளவுக்கு வேகமாகப் பெருகும். ஸ்டாஃபிலோகாக்கஸ் கைகளிலிருந்து ஒட்டிக்கொள்வது. அது பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், பிறகு கரியில் எவ்வளவு சுட்டாலும் அந்த நஞ்சு அழியாது. "அதான் மறுபடி நெருப்புல வைக்கிறோமே" என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை இதில் வெளிப்படையானது: இறைச்சியையோ கோழியையோ பாதி வேகவைத்து எடுத்து வைத்து, பிறகு முடிப்பது என்பது கூடாது. சுடுவதற்காக முன்கூட்டி வேகவைத்தால் உடனே சூடான கிரில்லுக்கு மாற்ற வேண்டும். சமைத்த உணவு வெளியே இருக்கலாம் என்று அவர்கள் தரும் அவகாசமே 2 மணி நேரம், வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம். சென்னையிலும் ஈரோட்டிலும் ஆண்டில் பாதி நாளுக்கு மேல் பகலில் அந்த இரண்டாவது கணக்குதான். அதுவும் முழுதாக வெந்த உணவுக்கு. பாதி வெந்ததற்கு எந்தச் சலுகையும் இல்லை.

விருந்துக்கு நேரம் பற்றாது, முன்னாலேயே செய்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. பாதியில் நிறுத்தாமல் கோழியை முழுதாக வேகவைத்துவிடுங்கள். உள்ளே 74 டிகிரி தாண்டியதை உறுதி செய்துகொண்டு, அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த நாள் கரியில் உள்வரைக்கும் நன்றாகச் சூடேற்றி நிறம் ஏற்றினால் போதும். கொஞ்சம் சாறு குறையும், ஆனால் யாருக்கும் வயிற்றைக் கலக்காது. தட்டுத் தட்டாகப் பாதி வெந்த காலை வெளியே அடுக்கி வைத்து, ஆர்டர் வரும்போது இரண்டு நிமிடம் தீயில் காட்டித் தரும் கடைகளைப் பார்க்கும்போது என் மனம் பதறுகிறது. முழுதாக வேகவைத்துக் குளிரில் வைத்தால் அவர்களுக்கும் அதே வேகம் கிடைக்குமே.

வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குத்திப் பார்த்தால் தெளிந்த நீர் வர வேண்டும் என்பார்கள், அதை நம்பிவிட முடியாது. எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருப்பதும் வேகாததற்கு அடையாளம் இல்லை. பிராய்லர் கோழி ஆறு வாரம்கூட வளர்வதற்குள் கடைக்கு வந்துவிடுகிறது. எலும்பு இன்னும் முற்றாததால், சூடு பட்டதும் மஜ்ஜையின் நிறம் கசிந்து சுற்றியுள்ள சதையைச் சிவக்க வைக்கிறது. முழுதாக வெந்த காலிலும் அது இருக்கும். கண்ணை நம்பாமல், குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். தொடையின் கனமான இடத்தில், எலும்பில் முட்டாமல் செருக வேண்டும்.

பாதி வேகவைக்காமலே முழுக்கோழியைக் கரியில் சுடுபவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அதற்கும் ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேக்கர் என்ற பேராசிரியர் இருந்தார். கோழி நகெட்டை உருவாக்கிய ஆராய்ச்சிக்கும் அவர் பெயர்தான் முன்னால் நிற்கும். பண்ணைக்காரர்களின் கோழி இன்னும் விற்க வேண்டும் என்பதற்காக, 1950-களின் தொடக்கத்தில் அவர் ஒரு சுடுமுறையை ஊர் ஊராகப் பரப்பினார். கோழியை இரண்டாகப் பிளந்து, எண்ணெயும் வினிகரும் முட்டையும் அடித்த சாற்றைத் தடவித் தடவி, கரிக்கு நன்றாக உயரத்தில் வைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். கரிக்கும் கோழிக்கும் உள்ள தூரமும், பக்கத்தை விட்டு நகராத ஒரு ஆளும் இருந்தால் சட்டி தேவையில்லை என்பதை அது காட்டிவிட்டது. அந்தக் கோழிக்குத் தோல் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மொட்டை மாடியில் கையகல அடுப்பை வைத்துக்கொண்டு, உரித்த கோழியோடு நாம் அதைச் செய்யப் போவதில்லை.

நாட்டுக்கோழி விஷயத்தில் எங்கள் கொங்குப் பக்கம் வரிசையே வேறு. இறகு பறித்த கோழிக்கு மஞ்சள் தடவி, தோலோடு நெருப்பில் வாட்டிய பிறகுதான் வெட்டுவார்கள். நெருப்பு முதலில், குழம்பு பிறகு. நான் வேகவைத்த கோழியைக் கரிக்குக் கொண்டுபோனதைப் பார்த்து எங்கள் அத்தை, "ஏஞ்சாமி, வெந்த கோழிய மறுக்கா எதுக்கு நெருப்புல போடற?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் இப்போது நாட்டுக்கோழிக்கு இரண்டையும் செய்கிறேன். வைக்கோல் தீயிலோ கரியிலோ தோலை வாட்டிக்கொள்கிறேன், அந்த மணம் சதைக்குள் ஏறுகிறது. பிறகு நான்காகப் பிளந்து மசாலாவோடு சட்டியில் 40, 50 நிமிடம். சேவல் முற்றியதென்றால் குக்கரில் மூன்று நான்கு விசில். இதைப் பாதி வேக்காடு என்றே சொல்ல முடியாது, முக்கால் தாண்டிவிடும். அதன் பிறகு கரியில் 6, 7 நிமிடம் போதும்.

சட்டியில் சாறு கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் எல்லாவற்றையும் வற்றவைத்துத் தடவ வேண்டாம், உப்புக் கரிக்கும். பாதியை எடுத்து, இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, தட்டிய மிளகும் சீரகமும் பூண்டும் கறிவேப்பிலையும் போட்டால் ரசமாகிவிடும். கோழி கரியில் இருக்கும்போதே காத்திருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிடலாம். அத்தைக்கு அதுதான் பிடித்தது.